பதினொரு தகரப் பெட்டிகள்

எங்கள் பள்ளியில் துணைப்பாடமாக இருந்த அந்த ஆங்கில நாவலை இந்த வருஷத்தோடு எடுத்துவிட்டார்களாம். என் இடத்துக்கு வந்திருக்கும் ஷீபா டீச்சர் போன் பண்ணிச் சொன்னாள். "பிள்ளைகளுக்குப் பழசாத் தெரியுது டீச்சர். ஆனா நீங்க அதை நாடகமாப் போட்டதை இன்னைக்கும் பேசுதாங்க. பள்ளி ஆண்டு மலருக்கு நாலு பக்கம் எழுதித் தாங்க. நல்லதா மட்டும் எழுதுங்க, என்ன?" நல்லது மட்டும் என்றால் நாலு வரி போதும். நாடகம் நடந்தது, வந்த விருந்தாளி கைதட்டினார், எல்லாருக்கும் கேசரி கொடுத்தோம். மிச்சப் பக்கங்களுக்கு நான் செய்த கிறுக்குக் கோட்டித்தனத்தைத்தான் எழுதியாக வேண்டும்.

நான் பாளையங்கோட்டையில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே முப்பத்து நாலு வருஷம் இங்கிலீஷ் நடத்தி, அங்கேயே ரிடையர் ஆனவள். வாத்தியார் வேலைக்கென்று படித்த ஒரு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது, பிள்ளைகளுக்கு முதுகு காட்டாமல் கரும்பலகையில் எழுதுவது. மற்றதையெல்லாம் பிள்ளைகள்தான் கற்றுக்கொடுத்தார்கள். அதற்கு அவர்கள் சம்பளம் கேட்டதில்லை.

நாவலின் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் உடனே நோட்ஸ் வாங்கப் போய்விடுவீர்கள். கதை இதுதான். கடல் கடந்த ஒரு தேசத்தில் பருத்தி விளைகிற ஊர். அங்கே ஒரு வெள்ளைக்காரப் பண்ணையாரின் சங்கிலிக் கடிகாரம் காணாமல் போகிறது. குதிரை லாயத்தில் வேலை பார்க்கும் எப்பிராயீம் என்ற கறுப்பு மனிதனைப் பிடிக்கிறார்கள். ஏன் அவன் என்று ஒருத்தரும் கேட்பதில்லை, வேறு யாரைப் பிடிப்பது என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். அவன் எடுக்கவில்லை என்பது பண்ணையாரின் ஏழு வயது மகள் ரூத்துக்குத் தெரியும். கடைசியில் அந்தப் பிள்ளை கோர்ட்டில் எழுந்து நின்று, "அவர் எடுக்கவில்லை ஐயா, எனக்குத் தெரியும்" என்கிறது. கோர்ட்டே சிரிக்கிறது. எப்பிராயீம் சிறைக்குப் போகிறான்.

எப்பிராயீமைக் கையைக் கட்டி இழுத்துப் போகும் அதிகாரத்தை நடத்தும்போது நான் வருஷா வருஷம் அழுவேன். நடிப்பில்லை, நிஜ அழுகை. ஒரு தடவை பின் பெஞ்சுப் பிள்ளையின் புத்தகத்தை வாங்கிப் பார்த்தபோது, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் 'டீச்சர் அழும் இடம்' என்று எழுதியிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் படித்தவள் எழுதியது. புத்தகம் கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது. நியாயம் என்றால் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும் என நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

ஆண்டு விழாவுக்கு அதை நாடகமாகப் போடச் சொன்னது எச்.எம். ஞானம்மாள் அம்மா. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, கறுப்பு பார்டர், எந்த நேரமும் கையில் ஒரு சீட்டுக் கட்டு. சீட்டாட்டச் சீட்டு இல்லை, பழைய விடைத்தாள்களைக் கிழித்த துண்டுத்தாள். எதையும் வாயால் சொல்ல மாட்டார்கள், எழுதி அனுப்புவார்கள். அவர்கள் வாய் திறந்தால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். கடைசியில் "சரிதானே?" என்று முடிப்பார்கள். அதற்கு 'இல்லை' என்று பதில் சொன்ன ஆசிரியை எங்கள் பள்ளியின் சரித்திரத்தில் கிடையாது. எனக்கு வந்த சீட்டில், 'கடைசிக் காட்சியில் எப்பிராயீமை விடுதலை செய்துவிடுங்கள். விருந்தாளி மனம் வருந்திப் போகக் கூடாது' என்று இருந்தது. ஒரு முழு நாவலையும் ஒரு துண்டுத்தாளில் திருத்தினவர்கள் அவர்கள் ஒருவர்தான்.

இனி ஆள் தேர்வு. இதை நான் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஒத்திகை நாலு பத்துக்கு மேல்தான் வைக்க முடியும். நாலு நாற்பதுக்குப் பேட்டை பஸ் போய்விடும், அதை விட்டால் பஸ் பிள்ளைகள் வீடு சேர விளக்கு வைக்கும் நேரமாகிவிடும். ஆகவே, நிறைய ஒத்திகை வேண்டிய பாத்திரங்களை ஹாஸ்டல் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். பருத்தி பறிப்பவர்கள், தண்ணீர் சுமப்பவர்கள், எப்பிராயீம், அவன் மனைவி என்று மொத்தம் பதினொரு பேர். வந்தோம், நாற்காலியில் உட்கார்ந்தோம், தீர்ப்பு சொன்னோம் என்று போகிற பாத்திரங்களைப் பஸ் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். நீதிபதி, பண்ணையார், சீமாட்டிகள். எவ்வளவு வசதியான ஏற்பாடு பாருங்கள். எங்கள் ஸ்டாஃப் ரூமில் சாதி என்ற சொல் காதில் விழவே விழாது. 'ஹாஸ்டல் பிள்ளைகள்' என்போம். களக்காடு, ஏர்வாடிப் பக்கத்து ஊர்களில், கடைசித் தெருவுக்கும் அப்பால் இருக்கிற தெருக்களிலிருந்து வந்த பிள்ளைகள் என்பதெல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடும்.

எப்பிராயீமாக நடித்தவள் எட்டாம் வகுப்பு முத்துமாரி. களக்காட்டுப் பிள்ளை. அப்பா வாழைத் தோட்டத்தில் கூலி. நல்ல உயரம், நல்ல குரல், எடக்குக் கேள்வி. ரூத்தாக நடித்தவள் ஆறாம் வகுப்பு ஜெமிமா, தாளாளரின் தம்பி மகள். காரில் வருவாள், ரோஜாப்பூ நிறம், வசனம் மட்டும் மனசில் நிற்காது. அவளுக்குப் பின்னால் திரைக்குள் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பதே என் முழுநேர வேலையாகப் போயிற்று.

பெரிய சிக்கல் மேக்கப்பில் வந்தது. நீதிபதியாக நடித்த பேட்டை மெகராஜ் நம்ம தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்த நல்ல கறுப்பு. அவளை வெள்ளைக்காரராக்க ரெண்டு டப்பா ரோஸ் பவுடர் ஆனது. அப்படியும் கழுத்துக்குக் கீழே எட்டவில்லை. முத்துமாரி அவளைவிட ஒரு படி வெளுப்பு, அவளைக் கறுப்பாக்கத் தேங்காய் எண்ணெயில் அடுப்புக்கரியைக் குழைத்துப் பூசினோம். பூசிக்கொண்டிருக்கும்போதே முத்துமாரி கேட்டாள்.

"டீச்சர், நாங்க ரெண்டு பேரும் இருக்கிறபடியே போய் நின்னா என்ன?"

"ஏட்டி, அப்போ யாரு வெள்ளைக்காரங்கன்னு பாக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவங்கதான் நாற்காலில உக்காந்திருப்பாங்கல்லா."

நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். ஸ்டாஃப் ரூமில் போய்ச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தேன். அவள் சொன்னதை அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

நாடகத்துக்கு ஒரு கடிகாரம் வேண்டுமே. எச்.எம். அம்மாவின் தாத்தா அந்தக் காலத்தில் சர்ச் ஊழியம் பார்த்த உபதேசியார். அவருக்கு ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் கொடுத்த சங்கிலிக் கடிகாரத்தை அம்மா பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். கூடவே ஒரு சீட்டு: 'பத்திரம்'. நாடகச் சாமான் பெட்டியின் மூடியில் நான் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தேன். ஒத்திகை முடிந்ததும் ஒவ்வொரு சாமானாக டிக் போட்டு, பெட்டியைப் பூட்டி, சாவியை ஜாக்கெட்டில் சொருகிக்கொள்வேன். டிக் போட்டால் அது இருக்கிறது, டிக் போடாவிட்டால் இல்லை. என் உத்தியோக வாழ்க்கையே அந்த நம்பிக்கையில் ஓடியது.

வியாழக்கிழமை ஒத்திகையில் பெட்டியைத் திறந்தால் கடிகாரம் இல்லை. புதன்கிழமைக் கட்டத்தில் டிக் இருக்கிறது, என் கையால் போட்ட டிக். ஆகவே, கடிகாரம் பெட்டிக்குள் இருந்திருக்கிறது. ஆகவே, யாரோ எடுத்திருக்கிறார்கள். பூட்டு பழசு, கொண்டை ஊசி போதும். இந்தத் தர்க்கத்தை எச்.எம். அம்மாவிடம் ஒரு கணக்கு டீச்சரைப் போல விளக்கினேன்.

அம்மா சீட்டு எழுதவில்லை, வாய் திறந்தார்கள். "பள்ளிக்கூடம் விட்ட பெறகு இங்கன இருந்தது யாரு, மிஸ்?"

"ஹாஸ்டல் பிள்ளைங்கதான்மா."

"பேர் எழுதுங்க."

எழுதினேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், பதினொரு பேரையும் வரிசை நம்பர் போட்டு எழுதினேன். முதல் பெயர் முத்துமாரி, ஏனென்றால் கோர்ட் காட்சியில், 'இது மாதிரிக் கடிகாரம்தானே' என்று நீதிபதி எடுத்துக் காட்டுவதைக் கடைசியாகக் கையில் வாங்குவது எப்பிராயீம்தான்.

ஹாஸ்டல் வராந்தாவில் பதினொரு தகரப் பெட்டிகளும் வரிசையாக வந்தன. முறை என்னவென்றால், அந்தந்தப் பிள்ளை தன் பெட்டியைத் திறந்துவிட்டு ரெண்டடி தள்ளி, கையைக் கட்டி நிற்க வேண்டும். மேட்ரன் பெட்டியைத் தூக்கித் தரையில் கவிழ்ப்பார். எச்.எம். அம்மா ஒரு குச்சியால் துணிகளை விலக்கிப் பார்ப்பார்கள். நான் பட்டியலில் டிக் போடுவேன். பாவாடை, பாதி சோப்பு, அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு, கடிதங்கள் எல்லாம் வந்தன, கடிகாரம் வரவில்லை. முத்துமாரியின் பெட்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. நாடகத்தின் அத்தனை பேர் வசனத்தையும், இங்கிலீஷைத் தமிழ் எழுத்தில், ஒரு வரி விடாமல் எழுதி வைத்திருந்தாள். ரூத்தின் வசனத்துக்கு மட்டும் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தாள். அந்தப் பாத்திரத்துக்கு அவள் ஆசைப்பட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இவளிடம் நான் கேட்கவே இல்லையே என்று சுருக்கென்றது. ஆனால், டிக் போட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டேன்.

மேடையில் ஒரு மாசமாக என்ன செய்துகொண்டிருந்தோமோ அதையே வராந்தாவில் செய்தோம். பவுடர் மட்டும் போடவில்லை. இது அந்த நேரத்தில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். எனக்கும் நம்பத்தான் முடியவில்லை.

கடிகாரம் கிடைக்காததால் எச்.எம். அம்மாவின் குரல் இன்னும் இறங்கிப் போனது. "முத்துமாரி அப்பாவை நாளைக்கு வரச் சொல்லுங்க. அவ நாடகத்துல வேண்டாம். கேட்டுட்டு, தேவைப்பட்டா டி.சி. கொடுத்து அனுப்பிருவோம். சரிதானே?" மேட்ரன் களக்காட்டு டீக்கடை போனுக்கு அடித்துச் சொல்லிவிட்டார். முத்துமாரி அழவில்லை. "நான் எடுக்கல டீச்சர்" என்று என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். "எடுக்கலேன்னா ஏன்ட்டி பயப்படுத?" என்றேன். பயந்தது அவள் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை வீட்டில் ஜெப நேரம். என் வீட்டுக்காரர் கருவூலத்தில் கிளார்க்காக இருந்தவர், எதையும் துடைக்காமல் பார்க்க மாட்டார். "லில்லி, உன் கண்ணாடிக் கூட்டுல ஒரு மெத்துத் துணி இருக்கும்லா, அதைத் தா" என்றார். பையின் அடியிலிருந்த கண்ணாடிக் கூட்டை எடுத்தேன். கை கனத்தது. திறந்தால் உபதேசியார் கடிகாரம், சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு சொகுசாகப் படுத்திருக்கிறது.

எல்லாம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. புதன்கிழமை தூறல். ஹால் ஓட்டில் ஒழுகும். கடிகாரம் நனைந்துவிடக் கூடாதே என்று நானேதான் அந்தக் கூட்டுக்குள் வைத்திருக்கிறேன். வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் பட்டியலில் டிக்கும் போட்டிருக்கிறேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுக்குத்தான் நேத்து பதினோரு பெட்டியக் கவுத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

நேராக எச்.எம். அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடுவதாகத்தான் கிளம்பினேன். வாசலைத் தாண்டியதும் வேறு யோசனை வந்தது. சத்தமில்லாமல் பைய, கடிகாரத்தைச் சாமான் பெட்டியின் மூலையில் வைத்துவிட்டு, 'அடடா, இங்கன கிடக்கே' என்று கண்டுபிடித்தால் என்ன? பிள்ளையும் தப்பிப்பாள், நானும் தப்பிப்பேன். முதல் மணிக்கு முன் போனேன், வாட்ச்மேன் பெட்டி மேலே உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். இடைவேளையில் போனேன், மேட்ரன் அங்கே நின்று முருங்கைக்கீரை உருவுகிறார். மத்தியானம் போனேன், ஜெமிமா பின்னாலேயே வந்து, "என்ன தேடுறீங்க டீச்சர், நானும் தேடவா?" என்றாள். எடுக்காத பொருளைத் திருப்பி வைக்க, எடுத்தவளைவிட மோசமாக முழித்துக்கொண்டு அலைந்தேன்.

மூணு மணிக்கு முத்துமாரியின் அப்பா சுடலைமுத்து வந்துவிட்டார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சீப்புப் பழம். மறுநாள் நாடகம் என்பதால் அன்று மட்டும் ஒத்திகையை முன்னாலேயே வைத்திருந்தோம். எச்.எம். அம்மா ஹாலில் முன் நாற்காலியில். "ஒத்திகை முடியட்டும், பெறகு பேசுவோம். அங்கன உக்காருங்க" என்று ஓர பெஞ்சைக் காட்டினார்கள். அவர் உட்காரவில்லை, பழத்தை மட்டும் பெஞ்சில் வைத்துவிட்டு நின்றார். பக்கத்தில் முத்துமாரி, கரி பூசாமல்.

கோர்ட் காட்சி. எப்பிராயீம் நிற்க வேண்டிய இடம் காலி. காலி இடத்தைப் பார்த்து ஒவ்வொருத்தராகக் கை நீட்டிக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடிகாரம் இல்லாததால் மெகராஜ் நீதிபதி ஷூ பாலிஷ் டப்பாவின் மூடியைத் தூக்கிக் காட்டினாள். மற்ற நாளாக இருந்தால் நானே சிரித்திருப்பேன். திரை ஓரத்தில் நோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், பெஞ்சுக்கும் எனக்கும் ரெண்டு கெஜ தூரம். அப்பாவும் மகளும் பேசுவது அப்படியே காதில் விழுகிறது.

"என்னட்டி நடக்கு?"

"ஒரு கடிகாரம் காணாமப் போச்சுப்பா. அவன் எடுக்கல. ஆனா அவன்தான் எடுத்தாம்னு சொல்லுதாங்க."

"எடுக்கலேன்னு யாருக்கும் தெரியாதாக்கும்?"

"அந்தா நிக்காள்லா, அந்தப் பிள்ளைக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா நிக்கா?"

அந்தப் பிள்ளை சும்மாதான் நின்றாள். ஜெமிமாவுக்கு வசனம் மறந்துபோய்விட்டது. சுடலைமுத்து என் பக்கம் திரும்பி, சத்தமில்லாமல், ரொம்ப மரியாதையாகக் கேட்டார். "டீச்சரம்மா, அந்தப் பிள்ளை கடைசில சொல்லிருமா?"

அதே நேரம் ஜெமிமாவும் திரும்பி, "டீச்சர், அடுத்தது என்ன?" என்றாள்.

அடுத்த வசனம் என் கையில் இருக்கிறது. எடுத்துக்கொடுப்பதுதான் என் வேலை. "அவர் எடுக்கவில்லை ஐயா, எனக்குத் தெரியும்" என்று இங்கிலீஷில் வாசித்தேன். பிறகு நோட்டை மூடிவிட்டு, மேடைக்கு நடுவில் போய் நின்று, பையைத் திறந்து, கண்ணாடிக் கூட்டைத் திறந்து, கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினேன். மெகராஜ் நான் நடிக்கிறேன் என்று நினைத்து, மேஜையைத் தட்டி, "அமைதி, அமைதி" என்று அவள் வசனத்தைச் சொன்னாள். அதற்கு அப்புறம்தான் நான் தமிழில் சொன்னேன். "முத்துமாரி எடுக்கல. யாருமே எடுக்கல. நான்தான் என் பையில வச்சிட்டு மறந்துட்டேன். காலைல இருந்து எனக்குத் தெரியும். சொல்லாம இருந்துட்டேன்."

எச்.எம். அம்மா எழுந்தார்கள். குரல் கிட்டத்தட்டக் கேட்கவே இல்லை. "சரி, கிடைச்சாச்சு. பெட்டில வைங்க மிஸ். முத்துமாரி, போய் உன் இடத்துல நில்லு. சரிதானே?"

"இல்ல மிஸ்" என்றாள் முத்துமாரி.

வாட்ச்மேன்கூட எட்டிப் பார்த்தார். சுடலைமுத்து, "ஏட்டி, வாய மூடு" என்றார்.

"நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலப்பா. நேத்துக் கவுத்தது அப்படியே கெடக்கு. அம்மை மடிச்சு வச்சது. யாரு கவுத்தாங்களோ அவங்கதான் அடுக்கித் தரணும். அடுக்கித் தந்தா வாரேன்."

எச்.எம். அம்மா சீட்டுக் கட்டைப் பார்த்தார்கள். அதில் எழுத அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. கட்டை நாற்காலியில் வைத்தார்கள், சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகினார்கள், ஹாஸ்டல் பக்கம் நடந்தார்கள். நானும் மேட்ரனும் பின்னாலேயே போனோம்.

வராந்தாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். அம்மாவுக்குச் சேலை கட்டத் தெரியும், பாவாடை மடிக்கத் தெரியாது. முத்துமாரி ரெண்டடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்று சொல்லிக்கொடுத்தாள். "பச்சைப் பாவாடை அடில மிஸ். இல்ல, நாலா மடிங்க. நோட்டு மேல வரணும்." அம்மா கலைத்துவிட்டு மறுபடியும் மடித்தார்கள். சுடலைமுத்து அந்தப் பக்கம் பார்க்கக் கூச்சப்பட்டு முருங்கை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முத்துமாரியின் பெட்டி மூடியதும் நான் எழுந்திருக்கப் பார்த்தேன். திரும்பினால் மற்ற பத்துப் பேரும் பெட்டியோடு வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொருத்தியும் தன் பெட்டியைத் திறந்து, மறுபடியும் தரையில் கவிழ்த்தாள். நாலு நாற்பது பஸ் போனது எனக்குத் தெரியாது.

பத்தாவது பெட்டியில் இருக்கும்போது ஜெமிமா வந்தாள். பவுடர் வேர்வையில் கோடு கோடாக வழிந்திருந்தது. வரிசையின் கடைசியில் போய் நின்றாள். அவள் முறை வந்ததும், தன் ஸ்கூல் பையை எடுத்து, எங்கள் முன்னால் தலைகீழாகப் பிடித்துக் கொட்டினாள். ஜாமெட்ரி பாக்ஸ், டிபன் டப்பா, மிட்டாய்த் தாள்.

"புதன்கிழமை கார் லேட்டு டீச்சர். நானும் இங்கதான் இருந்தேன்" என்றாள். "என் பையை ஏன் யாருமே பாக்கல?"

எச்.எம். அம்மா என்னைப் பார்த்தார்கள். பேர் எழுதினது நான்தானே. நான் குனிந்து அவளுடைய டிபன் டப்பாவை எடுத்து மூடினேன், அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.